சீட்டு வந்த வண்டி

யோகநாதன் அரசாங்க வேலையை உதறியபோது, பிரிக்பீல்ட்ஸில் அவரைத் தெரிந்த பாதிப் பேர் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று மூன்று தலைமுறையாக நம்பி வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் அது. தாத்தா ரயில்வே, அப்பா தபால், இவர் ஓர் இலாகாவில் கம்ப்யூட்டர் பிரிவு. பென்ஷன் வாங்கிக்கொண்டு கோயில் கமிட்டியில் சண்டை போட வேண்டிய மனிதர், 1988-இல், நாற்பத்து நாலு வயதில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறை பிடித்தார். சின்னக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்து, வேண்டிய புரோகிராமை எழுதிக் கொடுத்து, கெட்டுப்போனால் ஓடிப்போய்ப் பார்க்கும் தொழிலைத் தொடங்கினார்.

போட்டிக்கு ஆள் இல்லாமல் இல்லை. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து டை கட்டியவர்கள் பளபளக்கும் புத்தகங்களோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். யோகநாதனிடம் டையும் இல்லை, பளபளப்பும் இல்லை. அவரிடம் இருந்த ஒரே முதல், வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லாத வாய். "மெஷின யாரு வேணும்னாலும் விக்கலாம். மனுஷங்கள நாமதான் சம்பாதிக்கணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் போவார். யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மகன் எந்தப் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாணத்துக்கு முதல் பந்திக்கு முன்பே நிற்பார், சாவுக்குக் கடைசிவரை இருப்பார். இதில் பாசாங்கு எதுவும் கிடையாது. மனிதருக்கு மனிதர்களைப் பிடிக்கும், அவ்வளவுதான். நல்ல குணம் ஒருவனைக் குழியில் தள்ளாது என்று சொல்கிறவர்கள் தொழில் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அவருடைய வாடிக்கையாளர்களில் பெரியவர் போர்ட் கிள்ளான் ரெங்கசாமி. துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிப் போகும் பதினாறு லோரிகளுக்கு முதலாளி. லோரியில் கிளீனராக ஏறி, முதலாளியாக இறங்கியவர். அவர் ஆபீசில் பேசினால் கப்பலில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் இரண்டு வாரம் அங்கே சும்மா உட்கார்ந்து வேலையைப் பார்ப்பது யோகநாதனின் வழக்கம். அப்படித்தான் ஒருநாள் டிரைவர் நாகையாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து டெங்கில் என்ற ஊர் வரைக்கும் போனார்.

நாகையா ஐம்பதை நெருங்கிய மனிதர். இருபது வருஷம் லோரி ஓட்டியவர்.  பாதி வழியில் கேட்டார்.

"சார், நீங்க எழுதப்போற கம்ப்யூட்டரு யாரு பேச்ச கேக்கும்?"

"நாம எழுதி வெச்சத கேக்கும், அண்ணே."

"முதலாளி சத்தம் போட்டா?"

"அதுக்குத்தான் காது இல்லையே."

நாகையா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "அப்ப எனக்காக ஒண்ணு எழுதுங்க சார். பிரேக் சர்வீஸ் தேதி தாண்டுன வண்டிக்கு டிரிப் சீட்டே வரக்கூடாது. நாங்க சொன்னா, இன்னைக்கு ஒரு டிரிப் மட்டும் போயிட்டு வா லான்னு முதலாளி சொல்வாரு. ஆபீசுல சீட்டு அடிக்கிற கிராணி சொன்னாலும் அதான். சீட்டு இல்லாம காவலுக்கு நிக்கிற ஜாகா கேட்ட தொறக்க மாட்டான். மெஷின்கிட்ட போயி யாரு சண்ட போடுறது?"

யோகநாதன் எழுதினார். பிரேக் சரிபார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். கெடு தாண்டிய லோரியின் எண்ணைக் கிராணி தட்டினால் பிரிண்டர் அசையாது. சீட்டு இல்லை, பயணம் இல்லை, நேரே ஒர்க்‌ஷாப். முதல் வருஷம் ரெங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, "பாரு, என் லோரிய என்னாலயே எடுக்க முடியாது!" என்று காட்டினார். அந்தப் பெருமையில் யோகநாதனுக்கு இன்னும் நாலு கம்பெனிகளைப் பிடித்துக் கொடுத்தார். டிரைவர்களுக்கோ அது வேறு மாதிரி நிம்மதி. சீட்டு வந்தால் பிரேக் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வண்டி எடுக்குமுன் கீழே குனிந்து பார்க்கிற பழக்கம்கூட மெல்ல விட்டுப்போயிற்று.

பழகப் பழகப் பாலும் புளிக்கும். இரண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் ரெங்கசாமி போன் செய்தார். "யோகா, சீட்டு வரமாட்டேங்குது. அஞ்சு மணிக்குக் கப்பல் கட்-ஆஃப், அதுக்குள்ள கண்டெய்னர் போயாகணும்."

"ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க பாஸ். ரெண்டு மணி நேர வேலதான்."

ரெங்கசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் யோகநாதன் தாங்கியிருப்பார். அவர் சாதாரணக் குரலில், "நேத்து பெட்டாலிங் ஜெயாவுலேருந்து ரெண்டு பேரு வந்தானுங்க. அவனுங்க மெஷினு நாம சொன்னத கேக்குமாம்" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அந்த வார்த்தை யோகநாதனை அன்று சாப்பிட விடவில்லை. வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற பயம் பாதி. நம்மைத் தம்பி மாதிரி வைத்திருந்த மனுஷனைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்ற வருத்தம் மீதி. மறுநாளே போர்ட் கிள்ளான் போனார். அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லி, கிராணி புஷ்பவல்லியிடம் ஒரு ரகசியச் சொல்லைக் கொடுத்தார். அதைத் தட்டினால் கம்ப்யூட்டர் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொள்ளும், சீட்டு வந்துவிடும்.

"அப்படி வர சீட்டுல ஒரு ஸ்டார் போட்டுடறேன் பாஸ். டிரைவருக்குத் தெரியணும்ல?"

"அதெல்லாம் வேணாம் லா. ஸ்டாரப் பாத்தா நூறு கேள்வி கேப்பானுங்க."

யோகநாதன் தலையாட்டினார். ஸ்டார் போடவில்லை. நல்ல சீட்டும் அந்தச் சீட்டும் அச்சாக ஒன்றுபோலவே வந்தன.

அவசரம் என்பது வாரத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு வாரத்துக்கு மூன்று. புஷ்பவல்லி அந்தச் சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் செருகிக்கொண்டாள். மாதா மாதம் பராமரிப்புக்குப் போகும்போது யோகநாதன் பார்க்கத்தான் செய்தார். பாஸோடு உட்கார்ந்து தே தாரே டீயும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுவிட்டு வந்தார். டை கட்டியவர்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

1993-ஆம் வருஷம், மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டெங்கில் பக்கத்து இறக்கம் ஒன்றில் நாகையாவின் லோரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிய பஸ். நாகையா மண்மேட்டில் கொண்டுபோய் ஏற்றப் பார்த்திருக்கிறார், முக்கால்வாசி ஏற்றியும்விட்டார். லோரியின் பின்பக்கம் சுழன்று பஸ்ஸின் கடைசி இருக்கைகளை இடித்தது. நாகையா அங்கேயே செத்துப்போனார். பஸ்ஸில் இருந்த பத்தொன்பது வயதுப் பெண், பவுனம்மாள் என்பவரின் மகள், அவளுக்கு ஒரு கால் போயிற்று.

வியாழக்கிழமை கிள்ளானில் ஈமச்சடங்கு. யோகநாதன் காலையிலேயே போய் நின்றார். நாகையாவின் மனைவி பூமணி அவரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நீங்கதானே பிரிக்பீல்ட்ஸ் சாரு? உங்களப் பத்திப் பேசாத நாளில்ல சார். அன்னைக்குக் காலையிலகூட, பிரேக்கு கொஞ்சம் மெதுவா இருக்கிற மாதிரி இருக்குன்னாரு. அப்ப போவாதீங்கன்னேன். சீட்டு வருதான்னு பாக்குறேன், வரலன்னா பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. சோறாக்கி வெச்சிருந்தேன் சார்."

பூமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"இப்ப கம்பெனியில, அவருதான் யாருக்கும் சொல்லாம கெட்டுப்போன வண்டிய எடுத்துட்டாருன்னு சொல்றாங்க. கோயில்ல கூட பேசுறாங்க. ஒரு பொண்ணோட கால எடுத்துட்டுப் போயிட்டான்னு. காசு பணம் எனக்கு வேணாம் சார். மகன் வேல செய்யுறான். அவரு மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த தெரிஞ்சாப் போதும். உங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்னு சொல்வாரு. பாத்துச் சொல்லுங்க சார்."

"பாத்துச் சொல்றேங்க்கா" என்றார் யோகநாதன். அவர் யாருக்குத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறார்?

கம்ப்யூட்டரில் இருந்தது உண்மைதான். அரசாங்க வேலையில் ஊறிய பழக்கம், ரகசியச் சொல் கொடுத்தபோதே அவர் ஒரு பட்டியலும் வைத்திருந்தார். யார் அதைத் தட்டினாலும் தேதி, மணி, லோரி எண், தட்டியவரின் பெயரெழுத்து எல்லாம் சத்தமில்லாமல் அதில் ஏறிவிடும். வெள்ளிக்கிழமை அவர் போர்ட் கிள்ளான் போனபோது, ரெங்கசாமி கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக முகம் மழிக்கவில்லை. குரல் என்ற ஒன்றே இல்லை.

"பதினஞ்சு வருஷம் எங்கிட்ட இருந்தான் யோகா. நான் கிளீனரா இருந்தப்ப அவன் சோத்துல பாதி எனக்குக் கொடுத்திருக்கான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "செத்தவன் திரும்ப வரமாட்டான். திங்கக்கிழமை விசாரணைக்கு வராங்க. லைசென்ஸ் போச்சுன்னா முப்பது குடும்பம் நடுரோட்டுல. அந்த லிஸ்டு இருக்கக்கூடாது. நீ என் கூடப் பொறக்காத தம்பி."

யோகநாதன் புஷ்பவல்லியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அழிப்பதற்காக உட்காரவில்லை என்றுதான் அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூமணிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. பார்ப்போம், ஒரு பிரதி எடுத்துக்கொள்வோம். பட்டியலைத் திறந்து செவ்வாய்க்கிழமைக்கு வந்தார். நாகையாவின் லோரி எண். காலை மணி பத்து நாற்பது. பக்கத்தில் புஷ்பவல்லியின் எழுத்து இருக்கும் என்று தேடினார். அங்கே இருந்தது யோகநாதனின் எழுத்து.

அப்போதுதான் நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை பிரிண்டரில் ரிப்பன் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். அவர் வந்து சரி செய்தார். புஷ்பவல்லி பசியாறப் போயிருந்தாள். மூன்று லோரிகளுக்குச் சீட்டு நின்றிருந்தது. கண்ணாடி அறையிலிருந்து, "யோகா, அந்த மூணையும் நீயே தட்டி விட்ரு லா!" என்று சத்தம் வந்தது. தட்டினார். யாருடைய லோரி என்று பார்க்கவில்லை. பிரிண்டர் நன்றாக ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் சீட்டுகளைக் கிழித்துத் தட்டில் வைத்துவிட்டு, தே குடிக்கப் போய்விட்டார். நாகையா வந்து எடுத்துப் போனதை அவர் காணவும் இல்லை.

 முப்பது குடும்பம் என்று ரெங்கசாமி சொன்னது யோகநாதனின் காதில் இருந்தது. அதை ஒரு போர்வையாக இழுத்து மூடிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் அந்த நேரத்தில் அவர் நினைத்தது ஒரே குடும்பத்தை, தன்னுடையதை. பட்டியல் முழுவதையும் அழித்தார். வைத்திருந்த இரண்டு பேக்கப் டிஸ்கெட்டுகளிலும் அழித்தார். வேலையில் சுத்தமான மனிதர். ஒரு தடயம் மிச்சமில்லை.

அடுத்த வாரம் பூமணி போன் செய்தாள். பொது டெலிபோனிலிருந்து பேசினாள், பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேங்க்கா." என்றார். "அதுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா சார்?"

"இல்லக்கா."

"சரிங்க சார். சிரமம் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். வாழ்நாளில் யோகநாதன் நெஞ்சறிய ஒருவரிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

விசாரணை முடிந்தது. தவறு டிரைவருடையது என்று எழுதி மூடினார்கள். ரெங்கசாமி நன்றி மறக்காத ஆள். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்தார். செலாயாங்கில் கிடங்கு வைத்திருந்த தன் மச்சானிடமும் யோகநாதனைக் கூட்டிப்போய், "இவர் கைய விட்றாத" என்று சொல்லி வைத்தார். இரண்டு மாதம் எல்லா லோரிகளுக்கும் பிரேக் சர்வீஸ் நாள் தவறாமல் நடந்தது. மூன்றாம் மாதம், இன்று ஒருநாள் மட்டும் என்று போன் வந்தது. யோகநாதன் புதிய ரகசியச் சொல்லைக் கொடுத்தார். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் கொடுத்தார்.

அவர் வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அவர்தான் இளைத்துக்கொண்டே போனார். மனைவி குணபூசணி சர்க்கரையாக இருக்கும் என்று டாக்டரிடம் கூட்டிப்போனாள். சர்க்கரை இல்லை என்றார் டாக்டர்.

ஆறாவது மாதம் பராமரிப்புக்குப் போயிருந்தபோது, நாகையாவின் இடத்துக்கு வந்திருந்த புது டிரைவர் ரமணி கவுண்டரில் சீட்டை எடுத்துக்கொண்டு நின்றான். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நகத்தில் மருதாணிச் சிவப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

"அங்கிள், நீங்கதானே இத எழுதுனது? சீட்டு வந்துருச்சுன்னா பிரேக்கு ஓகேதானே?"

யோகநாதன் அவன் கையிலிருந்த சீட்டை வாங்கினார். அது எந்தச் சீட்டு என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. அதைச் சுக்குநூறாகக் கிழித்தார். "நீ போயி ஒர்க்‌ஷாப் போர்மேன கூட்டிட்டு வா. வண்டிக்கு அடியில படுத்துப் பாக்கச் சொல்லு" என்றார். பிறகு உட்கார்ந்து, ரகசியச் சொல்லைக் கம்ப்யூட்டரிலிருந்து அடியோடு எடுத்தார். கண்ணாடி அறையிலிருந்து ரெங்கசாமி எழுந்து வந்தார்.

"என்ன யோகா பண்ற?"

"முடியாது பாஸ்" என்றார் யோகநாதன். "இனிமே முடியாது."

ரெங்கசாமியின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார். ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்த உறவு. இரண்டு சொல்லில் போயிற்று. அங்கிருந்து நேரே காரைக் கிள்ளானுக்கு விட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வது என்று வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவளுக்குத் தேவை ஒரு வார்த்தைதானே, அதைக் கொடுத்துவிட்டால் தன் நெஞ்சிலும் கொஞ்சம் காற்று வரும் என்று நினைத்தார்.

பூமணி அவரை நாற்காலியில் உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். முன்பைவிட அமைதியாக இருந்தாள். சுவரில் நாகையாவின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"எடுத்துட்டேன் சார். நீங்க அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்கள்ல? அதுவரைக்கும் நான் எல்லாரோடயும் மல்லுக்கு நின்னேன், எம் புருஷன் அப்படிப்பட்டவரு இல்லன்னு. நீங்களே பாத்துச் சொன்னப்பறம் நான் யாரோட சண்ட போடுறது? அவரு பொய் சொல்லிட்டாரு, சீட்டு கீட்டுன்னு எங்கிட்ட கதை விட்டுட்டு வண்டிய எடுத்துட்டாருன்னு புரிஞ்சுது."

"அக்கா..."

"டெங்கில் போனேன் சார். பவுனம்மாள் வீட்டுக்கு. அந்தப் புள்ள கட்டைய ஊனிக்கிட்டு வாசல்ல வந்து நிக்குது. அம்மாக்காரி கால்ல விழுந்தேன். எம் புருஷன் செஞ்ச பாவத்துக்கு எங்கள மன்னிச்சிருங்கன்னு கேட்டேன். அந்தம்மா கால இழுத்துக்கிட்டாங்க.  அன்னைக்கு வந்துதான் படத்த எடுத்தேன். அவர் மொகத்தப் பாக்கவே பிடிக்கல."

யோகநாதன் சொன்னார். சொல்லிப் பார்த்து வைத்திருந்த வரிசையெல்லாம் கலைந்துபோயிற்று. சீட்டு, ரகசியச் சொல், போடாத ஸ்டார், பத்து நாற்பது, தட்டியது தன் விரல், அழித்ததும் அதே விரல். எழுதித் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றார். அழுதார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். 

"அப்ப நான் எதுக்கு சார் அங்க போயி விழுந்தேன்?"

 பூமணி எழுந்து அலமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அதன்மேல் கண்ணீர் விழுந்தது, மறுபடியும் துடைத்தாள்.

"என்ன மன்னிச்சிருங்க" என்றாள் படத்தைப் பார்த்து. "உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேனே. மன்னிச்சிருங்க."

அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் ஆறிப்போன மைலோவைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.